வாசித்துக் காட்டியவர்

சாலை, திருவனந்தபுரம்
12.01.2025

அன்புள்ள சுமந்த் தம்பிக்கு,

என் எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்பதில்லை. ரசமட்டம் வைத்து எத்தனையோ வீட்டுத் தளம் பார்த்த கைக்கு ஒரு வரியை மட்டமாக வைக்கத் தெரியவில்லை என்று வீட்டில் மாடம்மாள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இது லிங்கம் எழுதும் கடிதம். வேறு ஆளைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன்.

அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன், தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்ச் ஹாலில் ஜெஸ்லின் டீச்சர் நம் ஆட்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறார். பதினொரு மாதமாகப் போகிறேன். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். கடைக்காரர் பொட்டலம் கட்டித் தரும் பழைய பேப்பரை வாசித்து முடிக்காமல் மாடம்மாளிடம் மிளகாயைக் கொடுப்பதில்லை. போன வாரம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸின் போர்டை நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் "கேறுங்க, கேறுங்க" என்றார். போவதற்கு இல்லை, வாசிப்பதற்கு நிற்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சந்தோஷம் இதோடு முடிந்தது. இனி கோபம்.

போன வருடம் பிப்ரவரியில், நாம் போய்ப் பாட்டுப் பதிவு செய்த கொச்சிக் கம்பெனி எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இங்கிலீஷ். மெடிக்கல் ஷாப்காரர் வாசித்துவிட்டு ஜெயில் என்றார். கான்ட்ராக்டர் பேச்சிமுத்து, அபராதம் என்றான். ஆட்டோக்காரர் ஒருவர், உங்களுக்கு ஏதோ அவார்டு போலிருக்கிறது என்றார். கடைசியில் ஜெஸ்லின் டீச்சர்தான் சரியாகச் சொன்னார். விழிஞ்ஞம் சைட்டில் நான் பாடியதை யாரோ செல்போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டு கம்பெனியுடையதாம். நான் பாடக் கூடாதாம். என் பாட்டை நான் பாடக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டேன். நீங்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் சொல்கிறது என்றார் டீச்சர்.

அந்த ஒப்பந்தத்தின் தமிழ் நகல் என் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் டீச்சர், எனக்கு வாசிக்கக் கற்றுத் தாருங்கள் என்றேன். இப்படித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

தம்பி, உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்த வயதில் என்னை சைட்டுக்குக் கூட்டிப் போவது கான்கிரீட் சட்டி தூக்குவதற்கு அல்ல. நான் பாடினால் இருபது பேர் கையில் சட்டி ஒரே தாளத்தில் மாறும். அதற்குத்தான். இங்கே கோட்டையில் உங்கள் அம்மா இருக்கும் வீட்டு மாடித் தளம் போட்ட அன்று நீங்கள் படியில் உட்கார்ந்து பதிவு செய்ததும் அதைத்தான். இப்போது பேச்சிமுத்து, "ஒண்ணும் தப்பாத் தோணக் கூடாது அண்ணாச்சி. நீங்க பாட வேண்டாம், கேஸாயிடும்" என்கிறான். பாடாத லிங்கத்துக்கு சைட்டில் என்ன வேலை? போன மாதம் ஆறு நாள்தான் கூப்பிட்டான்.

நீங்கள் இசை சேர்த்த நம் ஒன்பது பாட்டு 'கை மாறும் சட்டி' என்று பேர் வைத்து வெளிவரும் என்றீர்கள். நான்கு வருடம் ஆகிறது. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறீர்கள். அதனால்தான் கடிதம். எப்போது வரும், எனக்கு என் பாட்டு எப்போது திரும்பக் கிடைக்கும் என்று பதில் எழுத வேண்டும். மெதுவாக வாசிப்பேன். ஆனால் முழுதாக வாசிப்பேன்.

இப்படிக்கு,
லிங்கம்


வளசரவாக்கம், சென்னை
29.01.2025

அன்புள்ள லிங்கம் அண்ணாச்சிக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் எந்த வேலையும் செய்யவில்லை. உறையில் உங்கள் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இதை ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று என் மனைவி சுப்ரியா சொல்கிறாள்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டெல்லாம் முடித்துக் கொடுத்த பிறகு கம்பெனிக்காரர்கள், கரண்டியும் மண்வெட்டியும் உரசும் சத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மாடம்மாள் அக்காவின் பதில்பாட்டு கரகரப்பாக இருக்கிறது, சினிமாப் பாடகி ஒருவரை வைத்து மறுபடி பாட வைக்கலாம் என்றார்கள். நான் முடியாது என்றேன். அக்கா குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. அப்படியானால் வெளியிட மாட்டோம் என்றார்கள். நான் கோர்ட்டுக்குப் போனேன். இரண்டு பக்கமும் பிடிவாதமாக நிற்கிறோம். ஆல்பம் அவர்கள் அலமாரியில் கிடக்கிறது.

வழக்கு முடியும்வரை எதையும் எழுத்தில் தராதே என்கிறார் என் வக்கீல். இதை எழுதுவதே அவருக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை சைட்டில் அந்த ஒன்பது பாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பழைய ஒப்பந்தத்தையெல்லாம் எடுத்து வைத்து வாசித்துக் கஷ்டப்பட வேண்டாம். அது வக்கீல் பாஷை, எனக்கே புரியாது.

அக்காவுக்கு என் அன்பு. என்னை இன்னமும் 'நீங்கள்' என்றுதான் எழுதுகிறீர்கள். முதல் நாளிலிருந்து 'நீ' என்று சொல்லச் சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறீர்கள்.

என்றும் அன்புடன்,
சுமந்த்


சாலை, திருவனந்தபுரம்
16.02.2025

சுமந்த் அவர்களுக்கு,

என் கடிதத்தை ஃப்ரேம் போட வேண்டாம். அதற்குப் பதில் போட வேண்டும்.

மாடம்மாள் குரலுக்காகச் சண்டை போட்டதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நல்ல மனுஷன் என்றாள். நானும் அப்படித்தான் சொன்னேன். அதன் பிறகு ஒப்பந்தத்தை எடுத்தேன். கஷ்டப்பட வேண்டாம் என்று நீங்கள் எழுதியதால்தான் எடுத்தேன். சைட்டில் ஒருவன் அந்த மூலையைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னால், நாங்கள் முதலில் அந்த மூலையைத்தான் தட்டிப் பார்ப்போம்.

ஆறு பக்கம். ஒரு நாளைக்குப் பதினைந்து வரி. சில சொல்லை டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் எந்த வரியையும் வாசித்துத் தரவில்லை, நான்தான் வாசித்தேன். பத்து நாள் ஆயிற்று.

பதினோராம் பிரிவு இப்படிச் சொல்கிறது: 'மேற்படி பாடல்களை வெளியிடுவதும் வெளியிடாமல் இருப்பதும் நிறுவனத்தின் விருப்பம். மேற்படி லிங்கம் என்பவர் அப்பாடல்களைப் பொது நிகழ்ச்சியிலோ, பணியிடத்திலோ, வேறெங்குமோ பாடலாகாது.' எத்தனை வருடத்துக்கு என்று தேடினேன். வருடமே இல்லை. நான் சாகும்வரை என்று அர்த்தமாம்.

வெளியிடாமல் இருப்பது ஒரு விருப்பமா, தம்பி? ஒருவன் வீட்டைக் கட்டித் தந்தால் அதைப் பூட்டிப் போடுவதும், கட்டினவனைத் தெருவில் நிற்கக் கூடாது என்பதும் விருப்பமா?

அன்றைக்கு இதோடு தாளை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அதைப் பார்த்து இங்கே எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

'மேற்படி லிங்கம் என்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், இவ்வொப்பந்தம் முழுவதும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, அவர் அதன் பொருளை நன்கு உணர்ந்து, தம் இடது கைப் பெருவிரலைப் பதித்தார். வாசித்துக் காட்டியவர்: ப. சுமந்த்.'

கீழே உங்கள் கையெழுத்து. நான்கு முறை வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன்தானே, தப்பாக வாசித்திருப்பேன் என்று நினைத்தேன். டீச்சரிடம் காட்டினேன். சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள் அண்ணாச்சி என்றார்.

அன்று கொச்சியில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவு இருக்கிறது. எழுதத் தெரியாதவனுக்கு நினைவைத் தவிர வேறு என்ன இருந்தது? கம்பெனி ஆள் பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று உங்களிடம் கேட்டேன். "வெறும் ஃபார்மாலிட்டி அண்ணாச்சி. நம்ம பாட்டு நல்லா வரணும்னுதான். இங்க விரல் வச்சுடுங்கோ" என்றீர்கள். வைத்தேன். பிறகு வெளியே சாயாக்கடையில் சூடாகப் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தீர்கள். ஒரு வரி வாசிக்கவில்லை. ஒரு சொல் வாசிக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். சிமென்ட் தின்று என் பெருவிரலில் ரேகை இல்லை. ரேஷன் கடையில் அந்த மெஷினில் விரலை வைத்தால் நான் லிங்கம் இல்லை என்கிறது. மாடம்மாள் விரல் வைத்துத்தான் அரிசி வாங்குகிறோம். ரேஷன் கடைக்கு நான் லிங்கம் இல்லை. பாங்கிக்கு நான் லிங்கம் இல்லை. கம்பெனிக்கு மட்டும் நான் லிங்கம். அந்தத் தாளில் இருப்பது ஒரு மசிக்கறை. அதை லிங்கம் ஆக்கியது என் விரல் இல்லை, உங்கள் கையெழுத்து.

ஜெஸ்லின் டீச்சரின் சிநேகிதி விஷ்ணுப்ரியா வஞ்சியூரில் வக்கீல். அவரிடம் போனேன். வாசித்துக் காட்டவில்லை என்று சுமந்த் எழுதித் தந்தால் ஒப்பந்தத்தை உடைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் கஷ்டம் என்றார்.

எழுதித் தாருங்கள். நடந்ததை நடந்தபடி. வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தில் பிழை பார்த்துத் தரச் சொன்னேன். திட்டுவதையெல்லாம் நான் திருத்த மாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் பிழை இருந்தால் என்னுடையது. திட்டும் என்னுடையது.

லிங்கம்


சாலை, திருவனந்தபுரம்
16.03.2025

சுமந்த் அவர்களுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று. பதில் இல்லை. தபால்காரரைத் தினமும் வழியில் நிறுத்திக் கேட்டு, இப்போது அவர் என்னைப் பார்த்தால் அடுத்த சந்து வழியாகப் போகிறார். அதனால் இதை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த முறையாவது என்ன வாங்குகிறோம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சைட்டில் நான் மறுபடியும் பாடுகிறேன். பயப்பட வேண்டாம், உங்கள் கம்பெனிப் பாட்டு இல்லை. பதினோராம் பிரிவைப் பாடுகிறேன். அதைப் பாடக் கூடாது என்று அந்த ஆறு பக்கத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். 'வெளியிடுவதும்' என்று நான் எடுப்பேன், 'ஏலா' என்று சட்டி ஒரு கை மாறும். 'வெளியிடாமல் இருப்பதும்', 'ஏலா'. 'நிறுவனத்தின் விருப்பம்' என்றதும் இருபது பேரும் சிரிப்பார்கள், மிக்ஸரில் இருக்கும் வங்காளிப் பையன்கள்கூட. வேலை வேகமாக நடக்கிறது. "கேட்டதில் இதுதான் அண்ணாச்சி நல்ல பாட்டு" என்கிறான் பேச்சிமுத்து. அவனைத் திட்டினேன்.

எழுத வந்தது அது இல்லை.

வியாழக்கிழமை ஆற்றுக்கால் பொங்கல். மாடம்மாள் வருடா வருடம் கோட்டையில் உங்கள் தெருவில்தான் பொங்கலிடுவாள் என்று உங்களுக்குத் தெரியும். விடியுமுன்னே போய் உங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே மூன்று செங்கலைப் போட்டு இடம் பிடித்தாள். தண்ணீர் செம்போடு உங்கள் அம்மா வெளியே வந்தார்கள். எண்பது வயதில் அந்த வெயிலில் நின்று, அடுப்பு மூட்டும்வரை மாடம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார்களாம். "சுமந்த் போட்ட அந்த ரெக்கார்டு வந்துடுத்தாடீ? உன் குரல் அதுல இருக்குன்னானே. எனக்குக் கண்ணு சரியில்லே, காது நன்னாக் கேட்கும்" என்று கேட்டார்களாம்.

மாடம்மாளுக்கு எல்லாம் தெரியும். கடைசிப் பக்கத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. "வரும் மாமி, சீக்கிரம் வந்துரும்" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து பொங்கலை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். முப்பது வருடமாக நேர்ந்து பொங்கலிடுகிறவள். அடுப்பில் அம்மனுக்குப் பானை இருக்கும்போது அவள் வாயால் ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். என்னை ஏமாற்றியதைக்கூட நான் ஒரு நாள் மறப்பேன். எனக்கு மறதி வந்துகொண்டிருக்கிறது. இதை மறக்கக் கூடாது என்பதற்காகவே தாளில் எழுதி வைக்கிறேன்.

பதில் எழுத முடியாவிட்டால், முடியாது என்றாவது எழுதுங்கள்.

லிங்கம்


வளசரவாக்கம், சென்னை
30.03.2025

அண்ணாச்சி,

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்காரர் போன பிறகு வாசலிலேயே நின்று வாசித்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா போன் செய்துவிட்டாள். "மாடம்மாள் முகம் சரியில்லேடா. வந்துரும் வந்துரும்னு சொல்லிண்டே கண்ணைப் பார்க்கலே. நீ என்ன பண்ணினே?" என்று கேட்டாள். முதலில் ஏதோ சமாளித்தேன். விடவில்லை. சொன்னேன். "உங்கப்பா வாசிச்சுக் காட்டாம ஒருத்தர் விரலைத் தொட்டதில்லே" என்றாள். வைத்துவிட்டாள்.

அப்பாவை உங்களுக்குத் தெரியாது. பஞ்சாபகேசன் என்று கோட்டையில் கேட்டால் வயதானவர்கள் சொல்வார்கள். முப்பது வருடம் பத்திரம் எழுதினார். கைநாட்டு வைக்க வருகிறவர்களை எதிரே உட்கார வைத்து, நான்கு எல்லையும் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை மசிப்பெட்டியைத் திறக்க மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டுதான் நான் டிபன் சாப்பிடுவேன். அந்த வீட்டிலிருந்து வந்தவன் நான்.

உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை என்பது உண்மை. அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. நானும் அதை வாசிக்கவில்லை. உங்களுடையதையும் இல்லை, என்னுடையதையும் இல்லை. எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார்கள். சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டுடியோவில் இன்னும் இரண்டு மணி நேரம்தான் பாக்கி, மூன்றாவது பாட்டில் அக்கா குரல் சரியாக உட்காரவில்லை, என் புத்தி முழுக்க அதில் இருந்தது. நான்கு வருடமாக இதையே எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லிப் பார்த்தால் சமாதானமாகத் தெரியவில்லை.

பதினோராம் பிரிவை நான் முதலில் பார்த்தது வழக்குப் போட்ட பிறகு, என் வக்கீல் மேசையில். அன்றே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. நீங்கள் வாசிக்கவே போவதில்லை என்ற தைரியம்தான். இதை எழுதக் கூசுகிறது. எழுதிவிட்டேன்.

இதோடு பிரமாண வாக்குமூலம் இணைத்திருக்கிறேன். வாசித்துக் காட்டவில்லை, பொருள் விளக்கவில்லை, வாசித்துக் காட்டியதாக நான் இட்ட கையெழுத்து பொய் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழில்தான் எழுதச் சொன்னேன். என் வக்கீல் வழக்கை விட்டுப் போய்விட்டார். கம்பெனி என் மேல் தனியாக வழக்குப் போடும். அவர்களோடு பேசி வைத்திருந்த இரண்டு படமும் போய்விட்டது. இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. வெளியில் வேறு மாதிரிக் கேள்விப்பட்டால் நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. வாக்குமூலத்தை வாசித்துப் பாருங்கள். எங்காவது நடந்ததற்கு மாறாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

சுமந்த்


சாலை, திருவனந்தபுரம்
27.04.2025

சுமந்த்,

உன் கடிதமும் வாக்குமூலமும் வந்து சேர்ந்தன. வாசிக்க நான்கு நாள். நடந்ததற்கு மாறாக எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. சாயா என்று மட்டும் போட்டிருக்கிறாய். பழம்பொரியை விட்டுவிட்டாய். வக்கீலம்மா அது தேவையில்லை என்கிறார். இருக்கட்டும், எனக்குத் தெரியும்.

மாடம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இவ்வளவு படிச்ச பிள்ளைக்குப் படிக்கத்தான் நேரமில்லாமப் போச்சு பாரும்" என்றாள். பிறகு உன் அம்மாவைப் பார்க்கப் போனாள். அம்மனிடம் ஒப்புக்கொண்டது போதாது, மாமியிடமும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பேரும் உன்னைத் திட்டிக்கொண்டே ஒரு செம்பு மோர் குடித்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை வஞ்சியூரில் என் வாக்குமூலத்தை எழுதினார்கள். குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டுவந்து, என்னைப் பார்த்ததும் கேட்காமலே மசிப்பெட்டியைத் திறந்து வைத்தார். இடது கை நீட்டுங்க என்றார். முதலில் பேப்பரைக் கொடுங்கள் என்றேன்.

அரை மணி நேரம் வாசித்தேன். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். குமாஸ்தா இரண்டு முறை இருமினார். இரண்டாம் பக்கத்தில் என் அப்பா பெயரை மாற்றிப் போட்டிருந்தார்கள். சுடலைமுத்து என்பதற்குச் சுடலைமாடன். "எங்கப்பனை மாத்திட்டீங்களே" என்றேன். மறுபடி அடித்தார்கள். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். கடைசியில் பழக்கத்தில் அந்த வரியையும் சேர்த்திருந்தார்கள்: 'படிக்கத் தெரியாததால் வாசித்துக் காட்டப்பட்டு'. அதை நீக்கச் சொன்னேன். இது எப்போதும் போடுவதுதான் என்றார் குமாஸ்தா. எப்போதும் போட்டதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். விஷ்ணுப்ரியா வக்கீல் பேனாவை எடுத்துத் தன் கையாலேயே அந்த வரியை அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

லிங்கம் என்று கையெழுத்துப் போட்டேன். கோட்டின் மேல் உட்கார்ந்தது. மசிப்பெட்டியைக் குமாஸ்தா மூடி வைத்தார்.

இனி இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகலாம் என்கிறார்கள். பாட்டு இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. கம்பெனி உன் மேல் போடும் வழக்கையும் தானே பார்க்கிறேன் என்று வக்கீலம்மா சொல்லச் சொன்னார். மே மாதம் பத்தாம் தேதி மணக்காட்டில் பெரிய தளம். நீ ரெக்கார்டரோடு வந்து நில். புதிதாக ஒரு பாட்டு இருக்கிறது, தேதி போட்டு நோட்டில் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். மாடம்மாள் பதில்பாட்டுப் பாடுவாள். மஞ்சள் சீட்டு ஒட்டிய பேப்பர் எதையும் கொண்டு வராதே.

'நீ' என்று எழுதிவிட்டேன் என்று பார்த்திருப்பாய். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் என்று எழுதிக்கொண்டு முழுக் கோபம் பட முடியவில்லை, அதனால்தான். நான்கு வருடக் கோபம், நான் மெதுவாக எழுதுகிறவன், இதுவரை பாதிகூட எழுதி முடியவில்லை. அந்தப் பழம்பொரியைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் இருக்கிறது. கை வலிக்கிறது. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

லிங்கம்